கோவிந்தன் மாடும் ஜெர்மன்காரியும்

இந்த வெளிநாட்டுக் குளிர் ஊரில் மகளோடு இருக்க வந்து நாலு மாதமாகிறது. நேற்று பக்கத்து வீட்டுப் பூனையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரி ஓடிவந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிடித்துத் தின்றுவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ! கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. நாங்களும் ஒருத்தியை இப்படித்தான் பாடாய்ப் படுத்தினோம்.

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலியில் எங்கள் தெரு முனைக் குவார்ட்டர்ஸில், மைன்ஸில் மெஷின் மாட்ட வந்த ஒரு ஜெர்மன்காரர் குடியிருந்தார். அவர் மனைவிக்குக் கைக்குழந்தை. டின் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றாலே போய், துரும்பாக இளைத்துவிட்டது. பசும்பால் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் வாசலில் மாட்டை நிறுத்திக் கறந்து தரும் கோவிந்தன், எங்கள் வீட்டோடு திரும்பிவிடுவார்.

"அவங்க மாடு துன்றவங்கம்மா. அந்தம்மா தெனம் கேட்டாண்ட நின்னுகினு எம் மாட்டையே பாக்குது. நெலத்த மைன்ஸு எடுத்துக்கிச்சி. இதையும் வுட்டுட்டு நா எங்க போவேன்?"

நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். பி.ஏ. படித்தவள் வேறு. "எனக்கும் அவ பார்வை சரியாப் படலை" என்று ஒத்து ஊதினேன். இப்போதும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் காலை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலுக்கே வந்துவிட்டாள். கோவிந்தன் மாட்டை மறைத்துக்கொண்டு நின்றார். அவள் மாட்டைப் பார்க்கவேயில்லை. அவர் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று விரலை விட்டும் தடவினாள். தினமும் நாங்கள் செய்வதைத் தன் வீட்டு கேட் அருகில் நின்று பார்த்துப் பாடம் பண்ணியிருக்கிறாள்!

கோவிந்தன் சிரித்துவிட்டார். "மாட்டத் துன்ன வந்தவங்க பால்ல தண்ணி இருக்குதான்னா பாப்பாங்க? உங்கள மாதிரியே சந்தேகப்படுதும்மா" என்று குத்துக்காலிட்டுக் கறக்க உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து மாடு முதலில் அவள் வாசலுக்குத்தான் போயிற்று. குழந்தை தேறியது. சொம்பைக் கவிழ்க்கச் சொல்லும் 'கவுத்து' என்கிற ஒரே தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு அவள் மூன்று வருஷம் எங்களோடு குடித்தனம் நடத்தினாள்.

அவர்கள் ஊர் திரும்பிய பிறகு சுரங்கம் கோவிந்தனின் வீடு வரைக்கும் வந்தது. அவருடைய கிராமம் இருந்த இடத்தில் இன்று குழிதான் இருக்கிறது. ரொம்ப நாள் கழித்துக் குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். மாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"பாலு வத்திப்போச்சு. கட்டவும் எடமில்ல. வித்துட்டம்மா."

"யாருக்கு?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடிமாட்டுக்குத்தான். நம்மூரு ஆளுங்கதான் ஓட்டிக்கினு போனாங்க."