குளவி காத்த மரம்

மீனாம்பாள் முப்பது வருடம் தேயிலை மலையில் புல் சுரண்டியவள். அவள் சுரண்டிய நிரையில் ஒரு பச்சைத் துரும்பு மிஞ்சாது. தோட்டத் துரையே நின்று பார்த்துவிட்டுப் போவார். அந்தப் பெருமையோடுதான் போன தை மாதம் கொடகவெலப் பக்கம் கபூர் முதலாளியின் ரம்புட்டான் தோட்டத்துக்கு வந்தாள். நான் அங்கே காவல்காரன். வந்த வாரமே புல் வழிக்கும் சுரண்டியை எடுத்து நாற்பது மரத்தடியையும் வாசல் மாதிரி வழித்துவிட்டாள். முதலாளிக்குச் சந்தோசம்.

பங்குனியில் இலை நுனி கருகியது. பூ கொட்டியது.

"புல்லு திரும்ப மொளச்சித் தண்ணிய உறிஞ்சுது," என்றார் முதலாளி. "புல்லுக்கு மருந்தடிக்க ஆள் ஈக்கிது. நீ அடுத்த மாசத்தோட நின்டுக்கோ, மீனாம்பா."

வேலை போகிறதே என்று அவள் அழவில்லை. என்னிடம் வந்து, "ஓடக்கரை மரம் மட்டும் ஏண்ணே பச்சையா நிக்குது?" என்றாள்.

நாற்பத்தொன்றாவதான அந்த ஒரு மரத்தில் குளவிக்கூடு. பயந்து அவள் கிட்டவே போகவில்லை. அடியில் முழங்கால் உயரப் புல். இப்போது தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அதற்குள் தவழப் போனாள்.

"குளவி கொட்டினா நான் தூக்க மாட்டேன்," என்றேன்.

"நீங்க தூக்கினா நடுவழியில போட்ருவீங்க. சும்மா இருங்க."

விரலால் மண்ணைக் கிளறினாள். மேலாகவே மயிர் போல வேர்கள் பின்னிக் கிடந்தன. சுரண்டிய மரத்தடியிலும் கிளறினாள். அங்கே அறுந்த நுனிகள், காய்ந்துபோய்.

நேரே முதலாளியிடம் போனாள். "வேர அறுத்தது நாந்தாங்க. தேயில வேர் கீழ எறங்கும். இது மேலயே படுத்துக் கெடக்கு. பத்து மரத்துக்கு மட்டும் மருந்து வேணாங்க. புல்ல கத்தியால அரிஞ்சி அங்கனயே மூடுறேன்."

"கபூர்ட தோட்டம் காடாப் போச்செண்டு சனம் சிரிக்கும்."

"பழம் திங்க வரும்போது சிரிக்காதுங்க."

அவர் தாடியைத் தடவினார். "ஹரி, சரி. ஆடி வரைக்கும் பாப்பம்."

புல்லைக் கணுக்கால் உயரம் விட்டு அரிந்து, மரத்தைச் சுற்றிக் குவித்தாள். முதலில் தண்டோடு ஒட்டிப் போட்டதில் கறையான் ஏறியது. பிறகு ஒரு சாண் தள்ளிப் போட்டாள். தினமும் ஒரு குவியலை விலக்கிப் பார்ப்பாள், அடுப்பில் வைத்த சோற்றைப் பார்ப்பது மாதிரி.

ஆடியில் முதலாளி வந்தார். மருந்தடித்துப் புல் செத்த முப்பது மரத்தடியிலும் மழை மண்ணை ஓடைக்கு இழுத்துப் போயிருந்தது. மீனாம்பாள் ஒரு குவியலை விலக்கிக் காட்டினாள். கீழே ஒரு புல்லும் முளைக்கவில்லை. மட்கிய புல்லுக்குள் வெள்ளை வெள்ளையாகப் புது வேர் ஏறியிருந்தது. முதலாளி சாரத்தை மடித்துக்கொண்டு குந்தி, வேரைத் தொட்டுப் பார்த்தார்.

"மத்த முப்பதுக்கும் இப்பிடியே செய். மருந்துக்காரனுக்கு நான் சொல்லிக்கிறன். அந்தச் சுரண்டிய என்ன செஞ்சாய்?"

"தேங்கா துருவிப் பாத்தேங்க. சரிவரல."

மறுநாள் காலையில் வேலைக்கு வந்தவள், கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடைக்கரை மரத்தை அண்ணாந்து பார்த்து நின்றாள்.

"நாப்பத்தொரு மரத்துல இந்தக் குளவி ஏண்ணே இதப் புடிச்சிச்சி?"

எனக்குத் தெரியாது என்றேன். கண்டுபிடிக்காமல் விடமாட்டாள்.