கல்வெட்டுகளுக்குள் புட்டைத் தேடிய நாள்

எங்கோ ஒரு நாட்டில் இருந்துகொண்டு, ஒரு சதமும் வாங்காமல், கோப்புகளுக்குள் சொற்களைத் தேடித் தரும் சின்ன மென்பொருள் ஒன்றை எழுதிவிட்ட அந்த மனிதருக்கு என் கும்பிடு. ஆணோ பெண்ணோ தெரியாது. கொக்குவிலில் ஒருத்தி தன்னை நினைத்து நன்றி சொல்கிறாள் என்று அவருக்கும் தெரியாது.

நான் வீட்டிலிருந்தே கல்வெட்டு அடித்துக் கொடுப்பவள். எங்கள் ஊரில் கல்வெட்டு என்பது இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். தேவாரம், வாழ்க்கை வரலாறு, புலம்பல் பாட்டு எல்லாம் அதில் இருக்கும். நான் தட்டச்சு செய்து பக்கம் அமைத்துக் கொடுக்க, அச்சகத்தில் அச்சடிப்பார்கள்.

தொழிலைத் தொடங்கியபோது என் மாமியார் ஒரு சட்டம் போட்டார். “செத்தவையின்ரை பேரை வீட்டுக்குள்ளை அடுக்கி வைக்காதை பிள்ளை. கூடாது.” நானும் தலையாட்டிவிட்டு, வேலை கொண்டு வந்தவரின் அடையாளத்தையே கோப்புக்குப் பெயராக வைத்தேன். ‘குடை மறந்த ஐயா’, ‘மாம்பழம் தந்த அக்கா’, ‘அவசரக்காரன்’. அவசரக்காரன் என்ற பெயரில் மட்டும் எத்தனையோ கோப்புகள். செத்தவீட்டுக்காரரில் அவசரமில்லாதவர் யார்?

போன மாரியில், தகப்பனைப் பறிகொடுத்த பின், எங்கள் தெருமுனை ஒழுங்கையில் இருக்கும் பிள்ளை ஒருத்தி வந்தாள். அவருடைய கல்வெட்டு அன்று மாலைக்குள் அச்சுக்குப் போகவேண்டும்.

“அக்கா, அம்மான்ரை கல்வெட்டும் நீங்கள்தானே அடிச்சனீங்கள். அதிலை அப்பா எழுதின பாட்டு ஒண்டு இருந்தது. அதைத் தன்ரை கல்வெட்டிலையும் போடச் சொல்லிப்போட்டுத்தான் அப்பா கண்ணை மூடினவர்.”

அவர்கள் வீட்டிலிருந்த பிரதியைக் கறையான் தின்றுவிட்டது. சொந்தக்காரர் ஒருவரிடமும் இல்லையாம். அந்த மனிதர் மனைவியிடம் அன்பாக ஒரு வார்த்தை கதைத்து யாரும் கேட்டதில்லை. அந்தப் பாட்டு ஒன்றுதான் மிச்சம்.

“அப்பா வந்துதான் தந்தவர். என்ன பேரிலை வைச்சனீங்கள்?” என்று கேட்டாள். என்றைக்கோ வந்து போனவருக்கு என்ன பெயர் வைத்தேனோ, யார் கண்டது!

கணினியோடு வந்த தேடுபெட்டி கையை விரித்தது. இணையத்தில் வேறு வழி தேடினேன். முதலில் இறக்கிய மென்பொருள் கடன் அட்டை கேட்டது. அடுத்தது திரை முழுக்க விளம்பரத்தைக் கொட்டியது. வந்த கோபத்தில் மேசையில் ஓங்கிக் குத்தினேன். மூன்றாவதாகக் கிடைத்ததுதான் அந்தச் சின்ன மென்பொருள். அழகில்லை, ஒரு பெட்டியும் ஒரு பொத்தானும் மட்டும். ‘அம்மா’ என்று தேடிப் பார்த்தேன். ஒன்றுமில்லை என்றது. அம்மா இல்லாத கல்வெட்டு எங்கே இருக்கிறது?

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பழைய கோப்புகள் எல்லாம் பாமினி என்ற எழுத்துருவில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துகள்தான். இன்றைய யூனிகோட் தமிழில் தேடினால் எப்படி அகப்படும்? தேடுபெட்டியில் தமிழை நிறுத்திவிட்டு, பழைய பழக்கத்தில் விரல்களை ஓடவிட்டேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ விழுந்தது. பொத்தானை அழுத்தியதும் அம்மாக்கள் வரிசையாக வந்தார்கள். சந்தோசத்தில் கத்தியே விட்டேன்.

“பாட்டு எப்பிடித் தொடங்கும்?”

“அன்பின் சிகரமே எண்டு வரும் அக்கா.”

தேடினேன். ஏறக்குறைய எல்லாக் கல்வெட்டும் வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் இறந்தவர்கள் அத்தனை பேரும் அன்பின் சிகரங்கள்! அழுத கண்ணோடு அவளும் சிரித்துவிட்டாள்.

“வேறை ஏதும் சொல் ஞாபகம் இருக்கோ?”

யோசித்தாள். “புட்டு எண்டு ஒரு இடத்திலை வரும். அப்பாவுக்கு இரவிலை அதுதானே சாப்பாடு.”

புலம்பல் பாட்டில் யார் புட்டைப் பற்றி எழுதுவார்? அடித்தேன். ஒரேயொரு கோப்பு வந்தது. பெயர், ‘வாய் திறக்காத ஐயா’.

திறந்தேன். மேலே வழமையான அன்பின் சிகரமே. அதன் கீழே அவர் எழுதியது:

*பிந்தி வந்தாலும் புட்டுச் சுடச்சுட இருந்தது.*
*எப்படியென்று ஒருநாளும் நான் கேட்கவில்லை.*
*அடுப்படியில் நீ காத்திருந்ததை*
*ஆறின புட்டுத்தான் எனக்குச் சொன்னது.*

இதை அடித்த நாளில் வாசிக்காமலா அடித்தேன்? பாட்டை முதற்பக்கத்தில் வைத்து அச்சகத்துக்கு அனுப்பினேன். அந்த மென்பொருளை எழுதிய முகம் தெரியாத மனிதரை மனதார வாழ்த்தினேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

“இனி அப்பா சுடச்சுடச் சாப்பிடுவார், என்ன அக்கா?”

“ஓம் பிள்ளை” என்றேன்.