ஓட்டிலியின் ஜாடிக் கல்

நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில், ஓட்டிலி ஜாடியில் உப்புப் போட்டுப் புளிக்கவைக்கும் முட்டைக்கோஸுக்குப் புளிப்பே ஏறாது என்பது ஊரறிந்த சங்கதி. நாத்தனார் ஹெட்விக் வருஷா வருஷம் பொருட்காட்சியில் தன் முட்டைக்கோஸுக்குப் பரிசை வாங்கிக்கொண்டு நேரே இங்கேதான் வருவாள். "என்ன அண்ணி, உங்க முட்டைக்கோஸுக்கு மட்டும் ரோஷமே வராதா?" என்று சீண்டுவாள். புருஷன் வால்டமார் மட்டும் தட்டை வழித்துவிட்டு, "எனக்கு இப்படித்தான் பிடிக்கும். இன்னும் கொஞ்சம் போடு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் ஜாடி ஜாடியாகப் போட்டாள்.

வால்டமார் போய்ச் சேர்ந்துவிட்டார். முட்டைக்கோஸை அமுக்கி வைக்கும் கல் மிஞ்சியது. கல்யாணமான புதிதில் ஓடைக்கரையிலிருந்து அவர் மார்போடு அணைத்துத் தூக்கி வந்த கல். அதைத் தேய்த்துக் கழுவும்போதெல்லாம் அவரோடு பேசுவாள். பைத்தியக்காரத்தனம்தான், இருக்கட்டுமே.

பக்கத்து மேட்டில் கல்லாகிப்போன ஆதிகால எலும்புகளைத் தோண்டி ஆராயும் மாவிஸ் ஒரு மத்தியானம் சாப்பிட வந்தாள். கழுவிக் கவிழ்த்திருந்த கல்லைப் பார்த்ததும் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது வெறும் கல் இல்லம்மா. உள்ள மண்டை ஓடு இருக்கு. இதோ பல்வரிசை. இது கொம்போட அடி, வளையம் வளையமா. மத்த மான் கொம்பு மாதிரி வருஷா வருஷம் விழுந்து முளைக்கிறது இல்ல, மண்டையோடவே வளர்ந்தது. வேலியோரம் ஓடுதே கவைக்கொம்பு மான், அதோட ஆதி காலத்துச் சொந்தம். இவ்வளவு பழசு இந்தப் பக்கம் கிடைச்சதே இல்ல. ஆராய்ச்சிக்குக் குடுப்பீங்களா?"

"வேலியைத் தாண்டிக் குதிக்காம அடியில ஊர்ந்து போறானே, அந்த மானோட பாட்டனா என் ஜாடியில இருந்தான்!" ஓட்டிலி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வேற எது வேணாலும் கேளு. இது அவர் கொண்டுவந்தது."

மாவிஸ் தயங்கினாள். "சுத்தி இருக்கிறது சுண்ணாம்பும்மா. கல்லு புளிப்பைத் தின்னுது, புளிப்பு கல்லைத் தின்னுது. ஒரு கொம்பு பாதி கரைஞ்சே போச்சு."

கல் வரவர லேசானதை ஓட்டிலி கவனித்திருந்தாள். தன் கைக்குத்தான் பலம் கூடிவிட்டது என்று நினைத்திருந்தாள். அலமாரியில் வைக்கலாம். ஆனால் வேலைக்கென்று கொண்டுவந்ததைச் சும்மா உட்காரவைத்தால் வால்டமாருக்கு ஆகாது.

"உன்கிட்ட இதுக்கு வேலை இருக்குல்ல?"

"நிறைய இருக்கும்மா."

மாவுப் பையில் சுற்றி, குழந்தையைக் கொடுப்பதுபோல் கொடுத்தாள்.

அந்த இலையுதிர்காலத்தில் ஜாடியில் கருங்கல் ஏறியது. ஹெட்விக் ஒரு வாய் போட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "அண்ணி! இந்த வருஷம் பரிசு உங்களுக்குத்தான். அண்ணனுக்குத்தான் குடுத்து வைக்கல. சின்ன வயசுலேர்ந்து புளிப்புன்னா உயிரை விடுவாரே!"

ஓட்டிலியின் கை நின்றது.

"பொய்யன்," என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "தட்டுல ஒரு நாள்கூட மிச்சம் வைக்கல ஹெட்விக், ஒரு நாள்கூட."