பிக்கப்பின் பின் கண்ணாடி

எங்கள் பிக்கப்பின் பின் கண்ணாடி வருடத்தில் முக்கால்வாசி நாள் குருடாகத்தான் இருந்தது. எங்கள் தீவில், கேம்பல் பேயில், மழை விட்டது என்று யாராவது சொன்னால், அடுத்தது வருவதற்குள் துணியை எடுத்துவிடு என்று அர்த்தம். வெளியே கண்ணாடி மேல் தண்ணீர் வழியும். உள்ளே எங்கள் மூச்சுக்காற்று பட்டு வெள்ளையாகப் படியும். வண்டிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள், என்ன கிடக்கிறது என்று அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குத் தீவில் நிலம் கொடுத்தபோது சிவகங்கைப் பக்கமிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. தாத்தாவுக்குப் பிறகு தென்னையும் பாக்கும் சித்தப்பா பொறுப்பு, வண்டி அப்பா பொறுப்பு. கப்பல் வந்தால் அது வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து அரிசியும் சிமெண்டும் ஏற்றி வந்து குடியிருப்புக் கடைகளில் இறக்குவார். ஒரு மழை நாளில் ஜெட்டியில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது யாருடைய ஸ்கூட்டரையோ சாய்த்துவிட்டார். ஸ்கூட்டர்காரர் இந்தியில் திட்டியதைவிட வீட்டில் அம்மா தமிழில் திட்டியதுதான் அதிகம்.

“அந்த எடத்துல ஒரு புள்ள நின்னுருந்தா?” என்று அம்மா கேட்டதும் அப்பா தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, அன்றிலிருந்து அந்தக் கண்ணாடியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். கல்யாணமாகாத மனிதர், எங்களோடுதான் இருந்தார். உடைந்ததைச் சரி பண்ணாமல் அவருக்குத் தூக்கம் வராது. உடையாததையும் சும்மா விடமாட்டார் என்பது அம்மாவின் புகார்.

முதலில் கண்ணாடிக்குத் தேங்காய் எண்ணெய் பூசினார். எங்கள் பக்கத்து ஆட்கள் யாராக இருந்தாலும் அந்தத் தப்பைத்தான் செய்திருப்பார்கள். கொப்பரை காயாத முற்றமே அங்கே கிடையாது. தீக்காயம், துருப்பிடித்த கீல், குழந்தையின் வயிற்றுவலி என்று எல்லாவற்றுக்கும் எண்ணெய்தான். எண்ணெய் இருக்கிற இடத்தில் தண்ணீர் நிற்காது என்பது சித்தப்பாவின் கணக்கு. தண்ணீர் நிற்கவில்லைதான். ரோட்டுச் சேறும் கொசுவும் வந்து அப்பிக்கொண்டன, இரண்டு நாளில் எறும்பும் வரிசை கட்டியது.

“முன்னாடி மங்கலாவாச்சும் தெரிஞ்சுச்சு. அதையும் கெடுத்துட்டியேடா,” என்றார் அப்பா.

“இருண்ணே, அவசரப்படாத,” என்று சித்தப்பா சோப்பு நுரையோடு அரைநாள் அதைக் கழுவினார்.

பிறகு ஜெட்டியில் மற்ற டிரைவர்களிடம் விசாரித்துக்கொண்டு வந்தார். பீடியைப் பிரித்து, அந்தப் புகையிலைத் தூளை ஈரத்துணியில் வைத்து வெளிப்பக்கம் தேய்த்தார். தண்ணீர் துளித்துளியாக நின்று மறைக்காமல் சீராக வழிந்து இறங்கியது. உள்பக்கம் ஒரு சொட்டு ஷாம்பு தடவிக் காய்ந்த துணியால் துடைத்தார். மூச்சு படியவில்லை. சைக்கிள் டியூபை வெட்டிக் கண்ணாடிக்கு மேலே சின்னத் தாழ்வாரம் மாதிரி ஒட்டினார். போர்ட் பிளேரிலிருந்து வைப்பர் வாங்கி அனுப்பச் சொன்னார். கப்பல் மூன்று முறை வந்தது, வைப்பர் வரவில்லை. கடைசியில் யாரோ கழித்துப்போட்ட ஜீப்பிலிருந்து ஒரு வைப்பரைக் கழற்றி வந்து, கண்ணாடிக்கு மேலே தகரத்தில் ஓட்டை போட்டு மாட்டினார். மோட்டார் கிடையாது. உள்ளே ஒரு கைப்பிடி. அதைப் பிடித்து யாராவது இப்படியும் அப்படியும் ஆட்டவேண்டும்.

அந்த யாராவது நான்தான். எனக்கு எட்டு வயது. சீட்டில் முட்டி போட்டுப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் கைப்பிடி எட்டும்.

“தாயி, பின்னாடி என்ன தெரியுதோ அத அப்பாட்ட சொல்லிக்கிட்டே வரணும். இந்த வண்டிக்கு நீதான் பாதி டிரைவர்,” என்றார் சித்தப்பா. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆடு வருகிறது, சைக்கிள் வருகிறது, ஒன்றுமே வரவில்லை என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே போவேன். அப்பாவும் ஒவ்வொன்றுக்கும் சரி என்று இந்தியில் “டீக் ஹை” என்பார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள்தான் அது நடந்தது. விடிந்ததிலிருந்து காற்று. கொப்பரைக் கொட்டகையின் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு அடித்தது. கட்டிவிட்டு வருகிறேன் என்று சித்தப்பா ஏறினார். அம்மா வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் வழுக்கி விழுந்தார். பின்னந்தலை கல்லில் பட்டது. ரத்தம் அதிகம் இல்லை. மூச்சு மட்டும் குறட்டை மாதிரி வந்தது.

போனில் டவர் இல்லை. பக்கத்து வீட்டுச் சர்தார்ஜி ஓடிவந்து பார்த்துவிட்டு, “பிட்டானா மத்! லிட்டாகே லே சலோ!” என்றார். உட்கார வைக்கக்கூடாது, படுத்தபடியே கொண்டுபோக வேண்டும். தன் வீட்டுக் கயிற்றுக் கட்டிலையே தூக்கி வந்தார். சித்தப்பாவை அதில் கிடத்திப் பிக்கப்பின் பின்னால் ஏற்றினார்கள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து அவர் முகத்துக்கு மேலே குடை பிடித்தாள். சர்தார்ஜி தார்பாயை இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே என் இடத்தில் முட்டி போட்டேன்.

“கண்ண எடுக்காத. பின்னாடி நடக்கறத சொல்லிக்கிட்டே வா,” என்றார் அப்பா. அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரி வெகுதூரம். ரோட்டில் முறிந்த கிளைகள், தண்ணீர் நிறைந்த பள்ளங்கள். விரட்டினால் குலுங்கும், நிதானமாகப் போனால் நேரமாகும். அப்பா விரட்டினார். நான் கை வலிக்க வலிக்க வைப்பரை ஆட்டினேன். கண்ணாடி அவ்வளவு தெளிவாக என்றுமே இருந்ததில்லை. சித்தப்பாவின் கால்விரல் சேறுகூடத் தெரிந்தது.

“கண்ணத் தொறந்திருக்கானா?”

“இல்லப்பா. வாய் தொறந்திருக்கு. அம்மா பேசிக்கிட்டே இருக்கு.”

“பேசட்டும், பேசட்டும்,” என்று இன்னும் அழுத்தினார்.

மேட்டு வளைவில் காற்று குடையைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டு போனது. அம்மா குனிந்து சித்தப்பாவின் வாயருகே காதை வைத்தாள். நெடுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து சர்தார்ஜியைப் பார்த்தாள். அவர் தார்பாயை மெல்ல இறக்கிவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்தார். மழை மூன்று பேர் மேலும் கொட்டியது. குடை போய்விட்டது, தார்பாயையும் இறக்கிவிட்டார், சித்தப்பா முகம் நனைகிறதே என்று எனக்குப் பதறியது. நல்லவேளையாக அம்மா தன் முந்தானையை இழுத்து அவர் முகத்தை முழுக்க மூடினாள். எனக்கு உயிர் வந்தது.

“அப்பா! அம்மா முந்தானையால சித்தப்பா மூஞ்சிய மூடிருச்சு. இனிமே நனைய மாட்டாரு!”

அப்பா இந்த முறை “டீக் ஹை” சொல்லவில்லை. வண்டியின் வேகம் குறைந்தது. பள்ளங்களில் ஒவ்வொரு சக்கரமாக இறக்கி ஏற்றி, முட்டைக் கூடை ஏற்றியது போல ஓட்ட ஆரம்பித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

“வேகமாப் போங்கப்பா! லேட்டாகுதுல்ல!”

“குலுங்கும்மா. அவனுக்கு வலிக்கும்,” என்றார். வைப்பரிலிருந்து என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையாலேயே ஓட்டினார். இத்தனை நேரம் வலிக்காததா இப்போது வலிக்கப்போகிறது என்று எனக்கு அவர் மேல் கோபம் தீரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. அம்மா சொட்டச் சொட்ட இறங்கி அப்பாவின் கதவருகே வந்து நின்றாள். வழியில் அப்பா தெரிந்துகொள்ளக்கூடாது என்றுதான் அவள் ஒருமுறைகூடக் கேபினைத் தட்டவில்லை. இப்போது எப்படிச் சொல்வது என்று வாய் கோணியது.

“தெரியும்,” என்றார் அப்பா. “பாப்பா சொல்லிட்டா.”

அம்மா என்னைப் பார்த்தாள். அப்படி என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா நனையவில்லை என்றுதானே சொன்னேன்.