கிளட்ச் இல்லாத லோரி

என் இடது முட்டி உழைத்து உழைத்தே செத்தது. வயசான கிளட்சை வாழ்நாள் முழுக்க மிதித்த முட்டி, வேறென்ன ஆகும்? எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், "இனிமே கனமான கிளட்ச் மிதிக்காதீங்க அங்கிள், அப்புறம் நடக்கவே முடியாது" என்றார். நல்ல பிள்ளை, மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது. லோரி ஓட்டிப் பிழைக்கிறவனிடம் கிளட்சை மிதிக்காதே என்றால் அவன் என்ன வாயாலா கியர் மாற்றுவான் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் இந்த ஆட்டோ லோரி, கிளட்ச் இல்லாமல் கியர் தானாக மாறும். மூன்று டன். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்ததைக் கப்பலில் கொண்டுவந்து பெயிண்ட் அடித்து விற்றார்கள். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு ஜப்பான்காரி ஏதோ சொல்லுவாள். என்ன சொல்கிறாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மரியாதையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

குருபோங்கில் அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் ஏற்றி, பத்து பெரண்டாம் பக்கம் இருக்கும் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. போர்க்லிப்ட் ஏற்றும், போர்க்லிப்ட் இறக்கும். கூட ஆள் தேவையில்லை. முன்பெல்லாம் ஏற்றி இறக்க, ரிவர்ஸ் பார்க்க ஒரு கெலிண்டான் பக்கத்து சீட்டில் இருப்பான். கடன் கேட்பான், தூங்குவான், குறட்டை விடுவான், ஆனால் மனுசன் என்று ஒருத்தன் இருப்பான். இப்போது அந்த சீட்டில் என் சாப்பாட்டுப் பை உட்கார்ந்து வருகிறது.

ஆட்டோ என்றதும் காப்பிக் கடையில் மற்ற லோரிக்காரர்கள் என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். "அண்ணே, இது லோரியா, தையல் மெஷினா?" என்றான் ஒருத்தன். "டி-யில போட்டுட்டுத் தூங்கலாம்லா" என்றான் இன்னொருத்தன். முதல் மாதம் நான் பட்ட பாடு அவர்களுக்கு எங்கே தெரியும்? கால் சும்மா இருக்காது. சிக்னலைக் கண்டால் இடது கால் தானாகக் கிளட்சைத் தேடி பிரேக்கின் மேல் போய் இறங்கும். லோரி குப்பென்று நின்று, என் நெற்றி கண்ணாடியில் இடிக்கும். கடைசியில் இடது காலை சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்து ஓட்டிப் பழகினேன்.

தூங்கி ஓட்டுகிற வண்டியும் இல்லை இது. பழைய லோரியில் இறக்கம் வந்தால் நாங்கள் எல்லோரும் ப்ரீ கியரில் தள்ளி விடுவோம், டீசல் மிச்சம். ஆட்டோவில் அந்தக் கெட்டிக்காரத்தனம் காட்டினால் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் ஏறாமல் காய்ந்து கருகிப் போகும். இறக்கத்தில் டி-யிலிருந்து இரண்டுக்கு இழுக்க வேண்டும். இன்ஜின் உறுமிக்கொண்டே பிடித்து இறக்கும், அந்தச் சத்தத்துக்குப் பயப்படக் கூடாது. எண்ணெய் பார்ப்பதும் தலைகீழ்தான். இன்ஜின் எண்ணெயைக் காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போது பார்க்கலாம். கியர் எண்ணெயை ஓடிச் சூடான வண்டியில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். குச்சியை உருவினால் ரோஸ் சிரப் மாதிரி சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்திருந்தால், தீய்ந்த வாடை அடித்தால், கியர் பெட்டி போச்சு என்று அர்த்தம். நான் வாரா வாரம் பார்ப்பேன், முகர்ந்தும் பார்ப்பேன்.

லோரி வந்த அன்றைக்கே பூசை போட்டோம். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஐயர் "மெதுவா எடுங்க" என்றார். நான் எடுக்கவே இல்லை. டி-யில் போட்டு பிரேக்கிலிருந்து காலைத் தூக்கினேன், அதுவாக ஊர்ந்துபோய் நசுக்கியது. ஐயர் ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு, கியர் பிடிக்கு ஒரு பொட்டு வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். என் மனைவி விடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடு படியில் ஏறிவிடுவாள். பன்னீரில் தாராளமாகக் குழைத்த சந்தனம். கியர் பிடியின் உச்சியில் அப்பி, நடுவில் குங்குமம் வைப்பாள். அது வழிந்து தண்டெல்லாம் இறங்கும். "கை பிசுபிசுன்னு ஒட்டுதுடி" என்பேன். "ஒட்டட்டும். கையை வேற எங்கயும் வைக்காம அதுலயே வைங்க" என்பாள். அவளிடம் வாயைக் கொடுத்து நான் ஜெயித்ததே இல்லை.

அவள் போய்விட்டாள். கடைசி நாள் காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி தனக்குக் காப்பி வேண்டும் என்று நச்சரித்தாள். கீழே போய் வாங்கி வருவதற்குள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடியிருந்தார்கள்.

மகள் ஜொகூரில் இருக்கிறாள். காரியம் முடிந்த கையோடு, "லோரிய வித்துட்டு எங்களோட வந்துடுங்கப்பா" என்றாள். மாட்டேன் என்றேன். அங்கே போய் நான் என்ன செய்வேன்? மருமகன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, அவர்கள் வேலைக்குப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். லோரியில் ஏறினால் நாலு கேட்டில் காவல் நிற்கிற நாலு ஜாகா என் முகத்தைப் பார்த்துத் தடுப்பைத் தூக்குவான். பேசாவிட்டாலும் பரவாயில்லை, இன்னாரென்று தெரிந்து தூக்குகிறானே. மகள் அழுதாள். அவளைச் சமாதானப்படுத்தத்தான் அந்த வார்த்தையைக் கொடுத்தேன். "லோரி ஓடுற வரைக்கும் இங்க இருக்கேன். அது நின்னுச்சுன்னா மறுபேச்சு இல்லாம வந்துடறேன்." அவள் உடனே, "சத்தியமா?" என்று கேட்டாள். சத்தியம் என்றுவிட்டேன்.

அதன்பிறகு கியர் பிடியில் யாரும் சந்தனம் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இருந்ததைத் துடைக்கவும் இல்லை. லோரி கழுவுகிற கடையில் வெளியில் மட்டும் கழுவு, உள்ளே ஏறாதே என்று சொல்லிவிடுவேன். அவள் கடைசியாக வைத்தது காய்ந்து, வெடித்து, கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஓட்டும்போது என் கட்டைவிரல் அதைத் தடவிக்கொண்டே இருக்கும். வெயில் நேரத்தில் லேசாக வாசம்கூட வரும். அல்லது வருவதாக நான் நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

பத்து பெரண்டாம் சிக்னலில்தான் அது முதலில் மக்கர் பண்ணியது. பச்சை விழுந்தது. பிரேக்கை விட்டால் லோரி நகரவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, சக்கரம் அசையவில்லை. கியர் டி-யில்தான் இருக்கிறது, டேஷ்போர்டில் மட்டும் ப்ரீ கியருக்கான 'என்' எழுத்து மின்னுகிறது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். ஒரு மோட்டார்சைக்கிள்காரன் ஜன்னலுக்கு நேராக வந்து, போவதற்குமுன் என் பிறப்பையே விசாரித்துவிட்டுப் போனான். கியரை முன்னும் பின்னும் இழுத்தபிறகு டமாரென்று ஓர் உதை உதைத்து லோரி பாய்ந்தது. மகளுக்குக் கொடுத்த வார்த்தை ஞாபகம் வந்துவிட்டது.

கொஞ்ச நாள் யாரிடமும் சொல்லாமல் ஓட்டினேன். ஒருநாள் தொழிற்சாலை வாசலிலேயே ஒரேயடியாக நின்றுவிட்டது. டோ வண்டி வைத்து செங்கில் இருக்கும் பட்டறைக்கு இழுத்துப் போனோம். அங்கே தவுக்கே, பட்டறை முதலாளி, எனக்கு ரொம்ப நாள் பழக்கம், சீனர்தான், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஸ்கேன் மெஷினை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அண்ணே, கியர்பாக்ஸ் சுடா ஹாபிஸ்" என்றார். முடிந்துவிட்டதாம். ஆட்டோ பெட்டி தேடிப் பிடிப்பது கஷ்டம், எல்லோரும் செய்கிற மாதிரி இதைத் தூக்கிவிட்டு மேனுவல் பெட்டியும் கிளட்சும் போட்டுவிடலாம், வண்டி புதுசு மாதிரி ஓடும் என்று அவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் என் முட்டியைத் தட்டிக் காட்டினேன்.

இரண்டு நாள் வீட்டில் இருந்தேன். எங்கள் குடியிருப்புத் தாமானில் பகல் நேரம் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எல்லா வீட்டுக் கேட்டும் பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு நாய்கூட என்னைப் பார்த்துக் குரைப்பதை மறந்துவிட்டது. ஒரு ஆளுக்குச் சோறு வடித்தால் சட்டியின் அடியில்தான் கிடக்கிறது, அதைப் பார்க்கவே எரிச்சலாக வருகிறது. டிவியைப் போட்டேன், அணைத்தேன். மகள் கூப்பிட்டபோது லோரி பட்டறையில் இருப்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் குரலில் வந்த சந்தோஷத்தை அவளால் மறைக்க முடியவில்லை. "ரூமை ஒதுக்கி வைக்கட்டுமாப்பா?" என்றாள். பாவம், அவள் மேல் என்ன தப்பு? பொறு என்றேன்.

மூன்றாம் நாள் கிராப் கார் பிடித்துப் பட்டறைக்குப் போய்விட்டேன். தவுக்கேயிடம், "எண்ணெயைப் பார்த்தியா? சிவப்பா இருக்கு. தீய்ஞ்ச வாடை இல்ல. பெட்டி செத்திருந்தா எண்ணெய் எப்படி உசிரோட இருக்கும்?" என்று அரைகுறை மலாயில் கத்தினேன். கத்தினால்தான் எனக்கு மலாய் சரளமாக வரும். அவர் தலையைச் சொறிந்தார். என் தொல்லை தாங்காமல்தான், வயரிங் பார்க்கிற மலாய்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டார்.

வந்தவருக்கும் என் வயதுதான் இருக்கும். ஏறி உட்கார்ந்து, கியரை எல்லா இடத்துக்கும் தள்ளிப் பார்த்தார். பிறகு அடியில் இருக்கும் மூடியைக் கழற்றினார். நான் படியில் ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கியர் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லுகிற சுவிட்ச் அங்கேதான் இருந்தது. அதன் இடுக்கெல்லாம் மஞ்சள் பொடி. மாவு சலித்துக் கொட்டியது போலக் குவிந்திருந்தது. அவர் விரலால் தொட்டு முகர்ந்துவிட்டு, "குன்யிட்?" என்றார்.

மஞ்சள் இல்லை, சந்தனம் என்றேன். எதற்கு என்றார். சாமிக்கு, மனைவி வைத்தது என்றேன். அவர் விளக்கு அடித்துப் பார்த்துச் சொன்னார்: ஈரமாக இருந்தவரைக்கும் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. காய்ந்தபிறகுதான் உதிர்ந்து உள்ளே விழுந்திருக்கிறது. மேலே மிச்சம் இருப்பதும் விழும், எல்லாவற்றையும் கழுவினால்தான் வண்டி ஓடும்.

அவள் வாரா வாரம் புதுசாகப் பூசிக்கொண்டிருந்தபோது ஒன்றும் ஆகவில்லை. நான் தொடாமல் காப்பாற்றியதுதான் உதிர்ந்திருக்கிறது. என் கட்டைவிரலே உதிர்த்திருக்கிறது.

அவர் ஸ்பிரே டப்பாவைக் குலுக்கிக்கொண்டே கியர் பிடியைப் பார்த்தார். அதிலிருந்த குங்குமப் புள்ளியைப் பார்த்தார். டப்பாவைக் குலுக்குவதை நிறுத்திவிட்டு, "இஸ்திரி?" என்று கேட்டார். மனைவி எங்கே என்று கேட்கிறார் என்று புரிந்தது. இல்லை என்று கையை ஆட்டினேன். அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். "போலே சூசி?" என்றார். கழுவலாமா என்று என்னிடம் உத்தரவு கேட்டார்.

வேண்டாம் என்றால் ஜொகூர். சோபா. சரி என்றால் அவள் கை வைத்த கடைசி இடமும் போய்விடும். வீட்டில் அவள் துணிமணியை எல்லாம் மகள் எடுத்துக் கொடுத்துவிட்டாள், அப்போதுகூட எனக்கு இப்படி இருக்கவில்லை. அந்த மனுசன் அவசரப்படுத்தவில்லை. தவுக்கேகூட வேறு பக்கம் திரும்பி எதையோ தேடுகிற மாதிரி நின்றார்.

"சூசிலா", கழுவுங்கள் என்றேன். சொல்லிவிட்டு இறங்கி, லோரிக்குப் பின்னால் போய் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாக இருக்கிற டயர்தான். உள்ளே ஸ்பிரே அடிக்கிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. நான் அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது.

கூப்பிட்டார்கள். ஏறி உட்கார்ந்தேன். கியர் பிடி கறுப்பாகப் பளபளவென்று இருந்தது, மருந்து வாடை அடித்தது. அதில் ஜப்பான் எழுத்து ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். மகளுக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.

"லோரி சரியாயிடுச்சும்மா" என்றேன்.

"என்னவாம் பிரச்சனை?" என்று கேட்டாள்.

சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவளும் அழுவாள், ஆபிஸில் இருப்பாள். "வயரிங்தான். தூசி" என்றேன்.

"அப்ப நீங்க வரமாட்டீங்க."

"லீவுக்கு வரேன்மா."

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள். அவள் குரல் எப்படி விழுந்தது என்று எனக்குக் கேட்டது. நான் வேண்டியது எனக்குக் கிடைத்துவிட்டது, யாரிடமும் இனி எதுவும் கேட்க முடியாது.

தவுக்கே கையைக் காட்டி, எடுத்துப் பார் என்றார். பிரேக்கை மிதித்து டி-யில் போட்டேன். உதையில்லை, தாமதமில்லை. காலைத் தூக்கின உடனே லோரி நகர்ந்துவிட்டது. அது கொஞ்சம் தயங்கியிருக்கலாம் என்று நினைத்தேன்.