ஒரு டொலர் அலுமாரி

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் பாதர்ஸ்ற் வீதிப் பக்கம் ஒரு யூதக் குடும்பத்தின் பேஸ்மென்ரில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஸ்காபரோவில் இருக்க, நீங்கள் மட்டும் ஏன் அங்கே போய்க் கிடக்கிறீர்கள் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கணவர் வேலை செய்த பக்டறி நடக்கிற தூரம், வாடகையும் குறைவு. அதைத் தவிர வேறு விசேஷமான காரணம் எதுவும் இல்லை.

மேலே வீட்டுக்காரர்கள். கணவன், மனைவி, ஐந்து பிள்ளைகள். அந்த அம்மாவை நாங்கள் மேல்வீட்டு அன்ரி என்போம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் கூட இருக்கும். ஆனாலும் ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு வீட்டை இழுத்த இழுப்பில் அந்த மரியாதை தானாக வந்துவிட்டது. அவர் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசினார். அப்போது எனக்கு ஆங்கிலம் அரைகுறை. அதனாலோ என்னவோ, அவர் சொன்னதெல்லாம் என் நினைவில் எங்கள் ஊர்ப் பேச்சாகவே பதிந்து கிடக்கிறது. அப்படியேதான் எழுதுகிறேன்.

அன்ரியின் சிக்கனத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இந்த ஊரில் பால் பிளாஸ்ரிக் பைகளில் வரும். எங்கள் பெண்களும் அந்தப் பைகளைக் கழுவிக் காயவைத்து வைத்திருப்பார்கள் என்பதால் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அன்ரி அந்தப் பைகளில் சீஸ் வைத்த பாணை மட்டும்தான் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுப்பார். இறைச்சி வைத்த பாண் ஒருநாளும் பால் இருந்த பைக்குள் போகாது. அவர்களுடைய சமயத்தில் பாலும் இறைச்சியும் சேரக்கூடாது. இரண்டு வகைச் சட்டி, இரண்டு வகைக் கரண்டி. வெள்ளிக்கிழமைக்கு வேறு சட்டி வைத்துச் சமைக்கும் குடும்பத்தில் பிறந்த எனக்கு அது சொல்லித்தரத் தேவைப்படவில்லை. கழுவிய பழைய பைக்கும் சட்டம் பார்க்கிறாரே என்றுதான் அதிசயப்பட்டேன்.

கடைகளின் மலிவு விலைத் தாள்கள் வாசலில் வந்து விழும் நாளில் அன்ரி ஒரு கத்தரிக்கோலுடன் மேசையில் உட்கார்ந்துவிடுவார். பிறகு தன் பழைய வான் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு மூன்று கடை, நான்கு கடை. பெட்டியின் மூலையில் அவர்களுடைய சமயத்துக்கு ஏற்றது என்ற சின்ன முத்திரை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். பிறகுதான் விலை. முத்திரை இல்லையென்றால் சும்மா தந்தாலும் தொடமாட்டார். முத்திரையும் இருந்து விலையும் மலிவென்றால் இரண்டு கையாலும் அள்ளுவார். மலிவுச் சாமான் முடிந்துவிட்டது என்று கடைக்காரப் பையன் கைவிரித்தால் விடமாட்டார். அடுத்த கிழமை அதே விலைக்குத் தருவோம் என்று ஒரு துண்டு எழுதி வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாது. ஆறு மாதத்தில் நானும் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு நின்றேன்.

இப்படி வாங்கியதெல்லாம் எங்கள் பேஸ்மென்ரில் ஒரு பெரிய அலுமாரிக்குள் போகும். மேலே இடம் இல்லை. மக்கரோனி, மா, சீரியல், பிஸ்கட். கதவைத் திறந்தால் ஒரு சின்னக் கடை.

அந்த வீட்டில் எங்கள் இரண்டாவது வசந்தத்தில் அன்ரி ஒரு தாளும் பேனையுமாகக் கீழே வந்தார். அவர்களுடைய பாஸ்கா பண்டிகை வருகிறது. அந்த எட்டு நாளும் புளித்த மா, தானிய மா எதையும் தின்னக்கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது, தங்களுக்குச் சொந்தமாக இருக்கவும் கூடாது. ஒரு மாதமாக மேலே காலையும் மாலையும் மக்கரோனிதான். முடித்துவிடப் பார்த்தார்கள். பாவம் பிள்ளைகள், முடியவில்லை.

"மிச்சத்தை வேற சமயத்து ஆக்களுக்கு விக்கலாம்," என்றார் அன்ரி. "வழக்கமா எங்கட ராபி எல்லாற்றையும் சேர்த்து ஒராளுக்கு விப்பார். இந்த முறை நான் உனக்கு விக்கலாமோ எண்டு கேட்டன். தாள் எழுதித் தந்தவர்."

"என்னட்ட எங்காலை அன்ரி அவ்வளவு காசு?"

"ஒரு டொலர் தா. பண்டிகை முடிய நான் திரும்ப வாங்குவன். நீ விரும்பினால்தான்."

ராபி என்பவர் அவர்களுடைய சமய குரு. அவருடைய தாளில் நான் கையெழுத்து வைத்தேன். ஒரு டொலர் நாணயக் குற்றியைக் கொடுத்தேன். அன்ரி அலுமாரியைப் பூட்டித் திறப்பை என் உள்ளங்கையில் வைத்தார். நான் அதைக் கொண்டுபோய்ச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தேன். அடுத்தவரின் பொருளைக் காத்துக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. ஒரு டொலருக்கு யாராவது ஒரு கடையை விற்பார்களா? இது ஒரு சடங்கு, நான் அதற்கு ஒரு ஆள். அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

பண்டிகையின் இரண்டாம் நாள் பின்னேரம் என் கணவரின் தமக்கை தன் கணவனுடனும் மூன்று பிள்ளைகளுடனும் வந்து இறங்கினார். எல்லையில் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு நேரே எங்களிடம். மாதக்கணக்காக எங்கெங்கோ அலைந்து வந்தவர்கள். பிள்ளைகளின் முழங்கைகள் எலும்பாகத் தெரிந்தன. எங்கள் நிலைமையும் சரியில்லை. கணவரின் பக்டறியில் இரண்டு கிழமையாக வேலை இல்லை. அரிசி கொஞ்சம், பருப்பு கொஞ்சம். மச்சாளிடம் ஒன்றையும் காட்டிக்கொள்ளாமல் அடுப்பை மூட்டினேன்.

நாலாம் நாள் என் மகள், அவளுக்கு அப்போது நாலு வயது, மச்சாளின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அலுமாரிக்கு முன்னால் நிற்கிறாள்.

"உதுக்குள்ள மக்கரோனி இருக்கு," என்றாள். "கனக்க இருக்கு."

மூன்று பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தன. கடைசிப் பெடியன் அலுமாரிக் கதவில் கையை வைத்தபடி நின்றான்.

"உது மேல்வீட்டு ஆக்களின்ரை. தொடக்கூடாது," என்றேன்.

கணவர் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். "காசு குடுத்து வாங்கினதெண்டு கையெழுத்து வைச்சனியெல்லே?"

"ஒரு டொலர். உங்களுக்கே சிரிப்பு வரேல்லையோ?"

"பிள்ளையள் பாவமப்பா. ரெண்டு பெட்டி எடுத்தால் ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றேன். "அந்த மனுசி திறப்பை நம்பித் தந்தது. அகதியள், பசியில எடுத்துத் திண்டுட்டினம் எண்டு ஒரு சொல் வந்தால் நான் அவவின்ரை முகத்தைப் பாக்கேலாது."

உண்மையில் எனக்கு அந்த ஒரு சொல்தான் பயம். இந்த நாட்டில் என்னிடம் இருந்தது நல்ல பெயர் ஒன்றுதான். அதையும் மக்கரோனிக்குக் கொடுக்க மனம் வரவில்லை. கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்ரி பண்டிகைக்கு உரிய, மாவைப் புளிக்கவிடாமல் சுட்ட தட்டை ரொட்டி ஒரு பெட்டி தன் மகளிடம் கொடுத்தனுப்பினார். பொரிக்காத அப்பளம் என்று மச்சாளின் பிள்ளைகள் பெயர் வைத்துச் சம்பலோடு தின்று முடித்தார்கள். ஏழாம் நாளும் எட்டாம் நாளும் கஞ்சி. கடைசிப் பெடியன் கோப்பையைத் தள்ளிவிட்டு அழுதான். நான் அலுமாரிப் பக்கம் பார்க்கவேயில்லை.

ஒன்பதாம் நாள் காலை அன்ரி படியில் இறங்கி வரும் சத்தம் கேட்டது. சாமிப்படத்துக்கு முன்னால் இருந்த திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அலுமாரியைத் திறந்து காட்டினேன். வைத்தது வைத்தபடி. எனக்கு நெஞ்சு நிமிர்ந்து நின்றது.

"ஒண்டும் தொடேல்லை அன்ரி."

அவர் அலுமாரியைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார். மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் தண்ணீர்க் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு நாளும் இவை என்ன சாப்பிட்டவை?"

"சோறு, பருப்பு. பேந்து கஞ்சி."

அன்ரி அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உன்ரை சாமானை நீ ஏன் எடுக்கேல்லை?"

"அது உங்கட சாமானெல்லே அன்ரி. நான் காத்துத் தந்தனான்."

அவருக்குக் கோபம் வந்து நான் அதற்கு முன் கண்டதில்லை. கழுத்திலிருந்து சிவந்துகொண்டு வந்தது. "நான் உன்னட்டக் காக்கத் தரேல்லை. வித்தனான்! நீ அது என்ரை எண்டு நினைச்சு வைச்சிருந்தால், எட்டு நாளும் அது என்ரை வீட்டில என்ரையாய் இருந்ததெண்டுதானே? அப்படி இருந்த சாமானை நான் இனித் தின்னேலாது. ஆருக்கும் விக்கவும் ஏலாது. எல்லாம் குப்பைக்குத்தான் போகவேணும்."

நல்ல பெயர் எடுக்கப் போய் ஒரு வருடச் சாமானை நாசமாக்கிவிட்டேன்.

அவர் மேலே போய் ராபிக்கு ரெலிபோன் எடுத்தார். ரெலிபோன் எடுப்பதற்கு முன்பே குப்பைப் பை ஒரு கட்டு கொண்டுவந்து படியில் போட்டுவிட்டுப் போனார். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பால் பையைக் கழுவிக் காயப்போடும் கை. ஒரு சீரியல் பெட்டிக்காகக் கடையில் அரைமணி நேரம் நின்று சண்டை பிடிக்கும் வாய். ராபி ஒரு சொல் சொன்னால் அந்த அலுமாரி முழுவதையும் கொட்டுவதற்கு அவர் ஆயத்தமாகி விட்டார். யாருக்கும் தெரியாமல் என்னிடம் திறப்பை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். தன் பிள்ளைகளுக்கு மக்கரோனி அவித்துக் கொடுத்திருக்கலாம். அந்த எண்ணம் அவர் பக்கமே போகவில்லை. நான் எத்தனையோ பக்திமான்களைப் பார்த்திருக்கிறேன். பொய்யாக விற்கத் தெரியாத ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ராபி மூன்று கேள்வி கேட்டாராம். தாளில் கையெழுத்து இருக்கிறதா, காசு கை மாறியதா, திறப்பு யாரிடம் இருந்தது. மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தது. விற்றது விற்றதுதான், அந்தப் பெண் தன் சொத்தைத் தின்னாமல் விட்டது அவளுடைய இஷ்டம் என்று சொல்லிவிட்டாராம்.

நான் திறப்பை நீட்டினேன். அன்ரி வாங்கவில்லை.

"இண்டைக்கு நான் வாங்கேலாது. முதல் உன்ரை ஆக்கள் சாப்பிடட்டும். ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருந்தால் எனக்கு வில்."

எனக்குச் சுருக்கென்று பட்டது. "எங்களில இரங்க வேண்டாம் அன்ரி."

"இரக்கமோ?" அவர் குரல் இப்போது இறங்கியிருந்தது. "பிள்ளை, கீழ விருந்தாளியள் வந்தது எனக்கு முதல் நாளே தெரியும். பிள்ளையளின்ரை சத்தம் கேட்டது. எனக்குப் பண்டிகை வேலை, இறங்கி வந்து பாக்க நேரமில்லை. உன்னட்ட ஒரு அலுமாரி நிறையச் சாமான் இருக்கெண்டு நிம்மதியா இருந்திட்டன். அந்த எட்டு நாளும் நான் நிம்மதியாச் சாப்பிட்டன்."

படியில் கிடந்த குப்பைப் பைக் கட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கஞ்சி குடித்த பிள்ளைகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அன்று மத்தியானம் மூன்று பெட்டி மக்கரோனி அவித்தேன். கடைசிப் பெடியன் கோப்பையை வழித்து நக்கினான். ஞாயிற்றுக்கிழமை அன்ரி வந்து, மிஞ்சியதை என்னிடம் அதே ஒரு டொலருக்கு வாங்கினார். குறைந்ததைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

அடுத்த வசந்தத்துக்குள் மச்சாள் குடும்பம் ஸ்காபரோவில் வீடு எடுத்துப் போய்விட்டது. கணவருக்கு வேலையும் திரும்பக் கிடைத்திருந்தது. அன்ரி மறுபடியும் தாளோடு வந்தார். நான் கையெழுத்து வைத்தேன், டொலரைக் கொடுத்தேன். திறப்பைத் தரும்போது என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

பண்டிகையின் முதல் நாள் நான் அலுமாரியைத் திறந்தேன். வீட்டில் அரிசி இருந்தது, மரக்கறி இருந்தது, பசி ஒன்றும் இல்லை. ஒரு பெட்டி மக்கரோனியை எடுத்து அவித்தேன். கடுகும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் வெங்காயமும் தாளித்துக் கொட்டிப் பிரட்டினேன். அந்த வீட்டில் கீழே தாளித்தால் சூடு வரும் குழாய் வழியாக மணம் நேரே மேலே போகும். பேச்சும் அதே வழியாகக் கீழே வரும். மேலே அன்ரியின் கடைசி மகள் தும்முவது கேட்டது.

"அம்மா, கீழ எங்கட மக்கரோனியைச் சமைக்கினம்!"

அன்ரி அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கவேண்டும். குரல் அவ்வளவு தெளிவாக வந்தது.

"எங்கட இல்லை. அது அவவின்ரை."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். இந்த நாட்டுக்கு வந்து அப்போது நாலு வருடம். எங்களிடம் இருந்த கட்டிலும் கதிரையும் போர்வையும் யாரோ தந்தவை. இது என்னுடையது என்று இன்னொருவர் வாயால் அன்றைக்குத்தான் கேட்டேன். அழுதுகொண்டே ஒரு கோப்பை போட்டு, நின்றபடியே சாப்பிட்டேன்.