யா என்றும் தொதவீயா என்றும்

செபஸ்தியம்மாளை ஸ்பெயின் தேசத்துக் கன்னியர் மடத்துக்கு அனுப்பிவைத்தபோது, அவள் அப்பா சின்னப்பன் ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தார். கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே கூலிவேலை செய்து பிழைத்த குடும்பம். நகையும் சீரும் இல்லாமல் ஒரு பெண் கரையேறிவிட்டாள் என்ற சந்தோஷம் அவருக்கு. எழுபதுகளின் தொடக்கம் அது.

மடம் நடத்திய முதியோர் இல்லத்தில்தான் அவளுக்கு வேலை. கிழவிகளைக் குளிப்பாட்ட வேண்டும், மூத்திரத் துணிகளை அலச வேண்டும். கூடவே வந்தவள் பாத்திமா, மாதா பேர் வைத்த சின்னசேலத்துக்காரி. இரண்டு பேரும் ஒரே அறையில் படுத்து, குளிருக்கு ஒரே கம்பளியை இழுத்துக்கொண்டு கிடந்தார்கள்.

பாத்திமாவுக்கு ஸ்பானிஷ் சீக்கிரம் வாயில் ஏறியது. செபஸ்தியம்மாள் தமிழில் நினைத்து, பள்ளிக்கூட ஆங்கிலத்தில் மாற்றி, கையடக்க அகராதியில் ஸ்பானிஷைத் தேடினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும்.

அவளை விழவைத்தது ‘யெட்’ என்ற ஆங்கிலச் சொல். அகராதி அதற்கு இரண்டு சொற்களைப் போட்டிருந்தது: ‘யா’, ‘தொதவீயா’. வந்தாச்சா என்று கேட்க யா. இன்னும் வரவில்லை என்று சொல்லத் தொதவீயா நோ. ‘யா நோ’ என்றால் அர்த்தமே வேறு, இனிமேல் இல்லை என்று ஆகிவிடும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சின்னதாக இருக்கிறது, நாக்கு புரளாது என்று அவள் எப்போதும் யாவையே எடுத்தாள்.

சாகும்வரை கன்னியாஸ்திரியாகவே இருப்பேன் என்று நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கும் காலம் வந்தது. அப்பா படுத்த படுக்கையாக இருப்பதாகச் சேதி வந்திருந்தது. ஒருமுறை ஊருக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து வார்த்தைப்பாடு கொடுக்கலாம் என்று அவள் நினைத்தாள். மடத்துத் தலைவி எல்லார் முன்னாலும் கேட்டாள், நிரந்தரமாக இங்கே இருக்க விருப்பமா என்று.

இப்போதைக்கு இல்லை, கொஞ்சம் பொறுங்கள் என்பதுதான் அவள் மனசில் இருந்தது. வாயில் வந்தது, “யா நோ கியெரோ.”

இனிமேல் எனக்கு விருப்பமில்லை.

“நிச்சயமாகவா?” என்று கேட்டாள் தலைவி. கொஞ்சம் பொறுக்கச் சொன்னதைத்தான் கேட்கிறாள் என்று எண்ணி, செபஸ்தியம்மாள் பலமாகத் தலையாட்டினாள். பக்கத்தில் இருந்த பாத்திமா குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்தபோதுதான் விஷயம் விளங்கியது. அழுதாள், காலைப் பிடித்தாள், தெரிந்த சொற்களையெல்லாம் கொட்டினாள். தலைவி பாத்திமாவைக் கூப்பிட்டுத் தனியாகப் பேசினாள். வெளியே வந்து, வெட்கப்படாதே மகளே, உண்மையைச் சொன்னாய் என்று கன்னத்தைத் தட்டினாள்.

சின்னசேலம் ஸ்டேஷனில் அண்ணன் கிறிஸ்துதாஸ் மட்டும் வந்து நின்றான். அப்பாவைப் புதைத்த மண் காய்ந்துபோயிருந்தது. மடத்திலிருந்து திரும்பியவளுக்கு என்ன காரணம் இருக்கும் என்று ஊர் தானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டது. பெண் கேட்டு வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் அந்தக் காரணத்தைக் கேள்விப்பட்டுப் போய்விட்டார்கள். அண்ணியின் பேச்சைக் கேட்டுக்கொண்டே மரவள்ளி பிடுங்கினாள், மக்காச்சோளம் ஒடித்தாள். தலை நரைத்தது.

அப்புறம் ஒருநாள், வெள்ளிமலையில் அதே மடத்தார் ஆஸ்பத்திரி திறந்திருப்பதாகவும், அதற்குத் தலைவி மதர் பாத்திமா என்றும் கோயிலில் சொன்னார்கள். செபஸ்தியம்மாள் மலை பஸ் ஏறினாள்.

“செபஸ்தி! நீயாடி? உள்ள வா, உக்காரு,” என்று எழுந்து வந்தாள் பாத்திமா.

“இருக்கட்டுங்க மதர். ஒண்ணு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன். அன்னிக்கு உங்களத் தனியா கூப்ட்டு இன்னா கேட்டாங்க?”

பாத்திமா ஜன்னல் பக்கம் திரும்பினாள். “நீ நெசமாவே அப்படித்தான் சொன்னியான்னு கேட்டாங்க. வூட்டு நெனப்பாவே அழுதுக்கினு இருக்கறான்னு சொன்னேன். அது பொய்யில்லியே.”

“வார்த்த தப்புன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

“நீ போவணும்னுதான் இருக்கறன்னு நெனச்சேன்டி.”

“நெசமா நெனச்சியா, ஒனக்குத் தோதா நெனச்சிக்கினியா?”

பாத்திமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “மடத்துல நம்ம ரெண்டு பேருக்குமே எடம் இருக்குமோ இல்லியோன்னு அப்ப ஒரு பயம் இருந்திச்சி,” என்றாள் கடைசியில்.

செபஸ்தியம்மாள் கத்தவில்லை. இத்தனை வருஷம் தன் நாக்கைத்தான் திட்டியிருந்தாள். இப்போது திட்ட ஆள் கிடைத்தும் தெம்பில்லை. பாத்திமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சமையலுக்கு ஆள் தேவைப்படுகிறது, இங்கேயே இருந்துவிடு என்றாள். அண்ணி வீட்டை நினைத்துப் பார்த்த செபஸ்தியம்மாள் சரி என்றாள். அப்படிச் சரி சொன்னதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.

சில வருஷங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அரிசி, எண்ணெய், நோயாளிக் கஞ்சி தவிர வேறு பேச்சில்லை. பாத்திமாவுக்கு மாற்றல் வந்தது. புறப்படும் நாளில் எல்லாரும் வரிசையாக நின்று வழியனுப்பினார்கள். பாத்திமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“அடுப்புல கொழம்பு இருக்குதுங்க மதர்,” என்று கையை உருவிக்கொண்டு செபஸ்தியம்மாள் உள்ளே போனாள்.